ஜென்டில் ஜெயன்ட்டின் கடைசி ஆல்பம் 'சிவிலியன்': கெடுத்தது எளிமையா, வேறு ஏதாவதா?

(ஓர் இணைய விவாதம். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

நாற்குரல்

பிரிட்டனின் ப்ரோகிரெசிவ் ராக் குழுவான ஜென்டில் ஜெயன்ட் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், 1980-இல் வந்த அவர்களுடைய கடைசி ஆல்பமான 'சிவிலியன்' மீது ஒரே குற்றச்சாட்டுதான் வருகிறது. பாட்டைச் சுருக்கினார்கள், ரேடியோவுக்கு வளைந்தார்கள், கெட்டார்கள். சுருக்கியதுதான் குற்றம் என்றால் 1972-இன் 'ஆக்டபஸ்' எப்படித் தப்பியது? அதில் எட்டுப் பாட்டு, சுமார் 34 நிமிடம். மிக நீளமான 'ரிவர்' கூட ஆறு நிமிடத்தைத் தொடவில்லை. 'சிவிலியன்'னிலும் எட்டுப் பாட்டு, 32 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். மிக நீளமான 'இன்சைட் அவுட்' இங்கேயும் ஆறு நிமிடத்துக்குள். முதலாவதைச் சிகரம் என்கிறோம், இரண்டாவதைச் சறுக்கல் என்கிறோம். ஆகவே நீளத்தைப் பேச்சிலிருந்து எடுத்துவிடுவோம்.

மாறியது நெசவு, அதாவது பாகங்கள் ஒன்றோடொன்று பின்னும் விதம். 'ஆக்டபஸ்'ஸில் உள்ள 'நாட்ஸ்' பாட்டில் மெட்டு ஒரே குரலில் முழுதாக வராது. இந்தத் துண்டை ஒருவர், அடுத்த துண்டை இன்னொருவர் என்று பங்கிட்டுப் பாடுவார்கள். ஹாக்கெட் என்கிற முறை அதுதான். 1975-இன் 'ஃப்ரீ ஹேண்ட்' ஆல்பத்தில் 'ஆன் ரிஃப்ளெக்‌ஷன்' நான்கு குரல் ஃப்யூக். ஒரு குரல் மெட்டைத் தொடங்கி முடிப்பதற்குள் அடுத்த குரல் அதே மெட்டோடு நுழையும், பிறகு அந்தப் பாகங்களை வாத்தியங்கள் வாங்கிக்கொள்ளும். எவருடைய பாகத்தையும் தனியே உருவி வாசித்தால் அரைகுறையாகத்தான் கேட்கும். அவர்களுடைய அடையாளமே அந்த அரைகுறைதான்.

'சிவிலியன்'னில் கிட்டாரும் பேஸும் கீபோர்டும் பெரும்பாலும் ஒரே ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கில்) சேர்ந்து நடக்கின்றன, மேலே டெரெக் ஷுல்மன் பாடுகிறார். கெரி மின்னியரின் செல்லோவும் வைப்ரஃபோனும் இல்லை, ரே ஷுல்மனின் வயலின் இல்லை, நால்வர் சேர்ந்து ஊதும் ரெக்கார்டர் குழல் இல்லை. பாட்டு எளிதாகியிருக்கலாம், தவறில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கக் கூடாததை முதலில் விட்டுக்கொடுத்தார்கள் என்பதுதான் என் வாதம்.

தெருநிழல்

முழுக்க மறுக்கிறேன். 'ஆக்டபஸ்'ஸை அளவுகோலாக வைத்து 'சிவிலியன்'னை அளப்பதே சரியில்லை. 'ஆக்டபஸ்' ஆறு பேர் செய்தது, அதில் டெரெக், ரே இருவரின் அண்ணன் ஃபில் ஷுல்மன் இருந்தார். அந்த ஆல்பத்தோடு அவர் விலகிவிட்டார்.

'சிவிலியன்'னை அதற்கு முந்தைய இரண்டோடு வைத்துப் பாருங்கள். 1977-இன் 'தி மிஸ்ஸிங் பீஸ்' இரண்டு மனத்தோடு இருக்கிறது: முதல் பக்கம் நேரடி ராக், இரண்டாம் பக்கத்தில் 'மெமரீஸ் ஆஃப் ஓல்ட் டேஸ்' போன்ற பழைய பாணி. 1978-இன் 'ஜெயன்ட் ஃபார் எ டே' பாட்டுக்குப் பாட்டு வேறொருவருடைய சட்டையைப் போட்டுப் பார்க்கிறது. அந்தக் குழப்பம் 'சிவிலியன்'னில் இல்லை. முதல் பாட்டு 'கன்வீனியன்ஸ்' தொடங்கி 'இட்ஸ் நாட் இமாஜினேஷன்' வரை ஒரே ஒலி, ஒரே மனநிலை. நகரம், இரைச்சல், தனிமை என்று வரிகளும் ஒரே திசையில் போகின்றன. ஜான் வெதர்ஸின் டிரம்ஸ் இவ்வளவு நெருக்கமாக வேறு எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் பதிவாகவில்லை என்பேன்.

இன்னொன்று, பாப் இவர்களுக்கு அந்நியமா? ஷுல்மன் சகோதரர்கள் 1960-களில் சைமன் டுப்ரே அண்ட் தி பிக் சவுண்ட் என்ற பெயரில் 'கைட்ஸ்' பாட்டை 1967-இல் பிரிட்டனின் முதல் பத்துக்குள் கொண்டுபோனவர்கள். மெட்டு எழுதத் தெரியாமல் தடுமாறியவர்கள் இல்லை.

நாற்குரல்

'கைட்ஸ்' அவர்கள் எழுதிய பாட்டு இல்லையே நண்பரே. வெளியாட்கள் எழுதியதைப் பாடினார்கள், ஜெயித்தது, அந்த வெற்றியே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதிலிருந்து தப்பிக்கத்தான் 1970-இல் ஜென்டில் ஜெயன்ட்டைத் தொடங்கினார்கள். அதை வைத்து மெட்டுத் திறமையை நிரூபிக்க முடியாது.

ஆறு பேர் என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. 'ஃப்ரீ ஹேண்ட்' செய்தவர்களும் 'சிவிலியன்' செய்தவர்களும் அதே ஐவர்: டெரெக், ரே, கெரி மின்னியர், கேரி கிரீன், ஜான் வெதர்ஸ். ஐந்து வருட இடைவெளி. ஆட்கள் மாறவில்லை, வேலைப் பங்கீடு மாறியது.

டேப்தூசி

ரெண்டு பேரும் பாட்டு எழுதுறதைப் பத்தியே பேசுறீங்க. அந்தக் காலத்து அமெரிக்க எஃப்எம் என்ன பண்ணும்னு பாத்தாத்தான் இந்த முடிவு ஏன் வந்துச்சுன்னு புரியும்.

அமெரிக்காவுல எஃப்எம் ஒலிபரப்புக்கு 75 மைக்ரோசெகண்ட் ப்ரீ-எம்ஃபசிஸ் உண்டு. அதாவது அனுப்புறதுக்கு முன்னாடி மேல் அலைவரிசையைத் தூக்கி அனுப்புவாங்க, ரேடியோப் பெட்டி அதை அதே அளவுக்கு இறக்கும். இரைச்சல் குறையத்தான் இந்த ஏற்பாடு. 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல தூக்கல் ஆரம்பிக்கும், 15 கிலோஹெர்ட்ஸ்ல சுமார் 17 டெசிபல் வரைக்கும் போகும். ஒலிபரப்புக்கு உச்ச வரம்பு இருக்கு, அதைத் தாண்டக் கூடாது. அதனால மேல் அலைவரிசை நிறைய உள்ள பாட்டு வந்தா லிமிட்டர், அதாவது சத்தம் வரம்பைத் தாண்டாம பிடிக்கிற கருவி, உடனே அமுக்கும். 1975-ல ஆர்பன் கம்பெனியோட ஆப்டிமாட் 8000-ங்கிற ஒலிபரப்புக் கருவி வந்தப்புறம் ஸ்டேஷன்கள் சராசரி சத்தத்தை இன்னும் மேல ஏத்த முடிஞ்சுது. மெல்லிசா இருக்கிறதெல்லாம் மேல வந்துடும், திடீர்னு எழும்புறதெல்லாம் அமுங்கிடும்.

இப்ப ஜென்டில் ஜெயன்ட்டோட பழைய ஒலியை அதுக்குள்ள விடுங்க. சொப்ரானோ ரெக்கார்டரோட அடிப்படைச் சுரமே 520 ஹெர்ட்ஸ்ல தொடங்கி 2300 வரைக்கும் ஏறும், அதுக்கு மேல ஓவர்டோன் (சுரத்தோட கூடவே ஒலிக்கிற மேல் அலைகள்) வேற. சைலஃபோன் அடி ஒவ்வொண்ணும் கூர்மையான ஊசி மாதிரி. வயலின், கிட்டார், மனுஷக் குரல் எல்லாம் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் இடத்துக்குத்தான் அடிச்சுக்குது. வீட்டுல நல்ல ஸ்பீக்கர்ல ஒவ்வொரு குரலும் தனித்தனியா நிக்கும். லிமிட்டர் வழியா கார் ஸ்பீக்கர்ல வரும்போது எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துடும். எதைத் தொடர்ந்து கேக்கணும்னு காதுக்குத் தெரியாது. ஃப்யூக்ல நுழைவு தெரியலைன்னா மிச்சம் என்ன இருக்கு?

'சிவிலியன்' பதிவானது லாஸ் ஏஞ்சலஸ் வேன் நைஸ்ல இருக்கிற சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவுல. ஃப்ளீட்வுட் மேக்கோட 1975 ஆல்பம் பதிவான இடம். இன்ஜினியர் ஜெஃப் எமரிக், பீட்டில்ஸோட 'ரிவால்வர்', 'சார்ஜென்ட் பெப்பர்' பதிவு செஞ்சவர். டிரம்ஸ், பேஸ், குரல் மூணும் முன்னாடி, கீபோர்டும் கிட்டாரும் சுவர் மாதிரி பின்னாடி. இந்த அடுக்கு லிமிட்டர்ல உடையாது. தெரிஞ்சு செஞ்ச வேலைங்க அது.

நாற்குரல்

லிமிட்டர் விவரம் சரி. அதிலிருந்து எடுத்த முடிவோடுதான் எனக்குச் சண்டை. ஒலி நெருக்கத்தைக் குறைக்க வேண்டியிருந்தது என்பது உண்மையாகவே இருக்கட்டும். தாளத்தை ஏன் குறைத்தார்கள்? லிமிட்டருக்கு எண்ணத் தெரியாது. ஏழு அடி வந்தாலும் எட்டு அடி வந்தாலும் அது ஒரே மாதிரிதான் அமுக்கும்.

அதே 1980-ஐப் பாருங்கள். ஜெனிசிஸ்ஸின் 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று அடி. ஆறும் ஏழுமாகப் பிரித்து "தகதிமி தக, தகதிமி தகிட" என்று சொல்லிக்கொண்டே கேளுங்கள், அப்படியே உட்காரும். அது பிரிட்டனில் எட்டாம் இடம் வரை போன சிங்கிள் (தனியாக வெளியிட்ட பாட்டு). அது இடம்பெற்ற 'டியூக்' ஆல்பம் அங்கே முதலிடம். அதே வருடம் ஜனவரியில் வந்த ரஷ்ஷின் 'பெர்மனன்ட் வேவ்ஸ்' அமெரிக்காவில் நான்காம் இடம். அதன் முதல் பாட்டு 'தி ஸ்பிரிட் ஆஃப் ரேடியோ' ஐந்து நிமிடத்துக்குள் முடிகிறது. நடுவே ஏழு அடி வாத்தியப் பகுதி வருகிறது, கடைசியில் ரெகே தாளத்துக்குத் தாவுகிறது. இரண்டும் ரேடியோவில் ஓடியவை.

ஒற்றைப்படைத் தாளமும் ரேடியோவும் ஒன்றுக்கொன்று பகை என்பதை அந்த இரண்டு பாட்டுகளும் அந்த வருடமே பொய்யாக்கிவிட்டன. 'சிவிலியன்' கிட்டத்தட்ட முழுக்க நாலடித் தாளத்தில் நடப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

பின்னட்டை

சந்தை நிலவரத்தை யாரும் தொடவில்லை. அதைச் சேர்க்கிறேன்.

ஜெனிசிஸ், ரஷ் இரண்டையும் இங்கே ஒப்பிடுவது நியாயமில்லை. ஜெனிசிஸ் 1978-இலேயே 'ஃபாலோ யூ ஃபாலோ மீ' மூலம் பிரிட்டனில் ஏழாம் இடம் பார்த்துவிட்டது. ரஷ்ஷுக்கு வட அமெரிக்கா முழுக்கப் பெரிய அரங்குகளை நிரப்பும் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டம் பதின்மூன்று அடியைப் பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் ஏற்கெனவே நம்பிக்கை வைத்திருக்கிறது. ஜென்டில் ஜெயன்ட்டின் மிக உயர்ந்த அமெரிக்க இடம் 'ஃப்ரீ ஹேண்ட்' தொட்ட 48. அதற்குப் பிறகு இறக்கம்தான். இத்தாலியில் அவர்களுக்கு உண்மையான ஆதரவு இருந்தது, சொந்த நாட்டில் பெரிதாக இல்லை.

இசைத்தட்டுக் கம்பெனி மாற்றங்களையும் கவனியுங்கள். 1973-இல் 'இன் எ கிளாஸ் ஹவுஸ்' ஆல்பத்தை விற்காது என்று சொல்லி அமெரிக்காவில் வெளியிட மறுத்தது கொலம்பியா. அடுத்து 'தி பவர் அண்ட் தி க்ளோரி' (1974) முதல் 'ஜெயன்ட் ஃபார் எ டே' வரை கேபிடல். பிறகு 'சிவிலியன்' அமெரிக்காவில் மறுபடியும் கொலம்பியாவில் வருகிறது, பிரிட்டனில் கிரிஸாலிஸ். ஏழு வருடம் முன்னால் கதவை அடைத்த கம்பெனிக்கு இப்போது விற்கக்கூடிய சரக்கு கொடுத்தாக வேண்டும். முதல் கேள்வியே எந்தப் பாட்டு சிங்கிள் என்பதாகத்தான் இருந்திருக்கும். பதில் சொல்லும்படி ஒரு பாட்டும் ஆல்பத்தில் இல்லை. எல்லாப் பாட்டும் நன்றாகவே இருக்கின்றன, ஒன்றும் தலையை வெளியே நீட்டவில்லை. வணிகரீதியாக அதைவிட மோசமான நிலை கிடையாது.

1980 ஜூன் 16 அன்று வெஸ்ட் ஹாலிவுட் ராக்ஸியில் கடைசிக் கச்சேரி, அதோடு முடிந்தது. பத்து வருடம் விடாமல் சுற்றியவர்கள், குடும்பஸ்தர்கள். ஆல்பம் கொஞ்சம் விற்றிருந்தாலும் நீண்ட நாள் தாங்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.

தெருநிழல்

பின்னட்டை சொன்ன கூட்டத்தின் நம்பிக்கைதான் முக்கியம். அதோடு ரஷ் மூன்று பேர் என்பதையும் சேருங்கள். கிட்டார், பேஸ், டிரம்ஸ். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சுற்றிலும் வெற்றிடம் இருக்கிறது. ஏழு அடி எண்ணினாலும் யார் என்ன வாசிக்கிறார் என்று தெளிவாகக் கேட்கும். ஜெனிசிஸ்ஸின் அந்தப் பாட்டிலும் பதின்மூன்று அடியை எல்லோரும் ஒன்றாகத்தான் வாசிக்கிறார்கள், நாற்குரல் சொல்கிற நெசவு அங்கேயும் இல்லை. அவர் தேடுவது ஒற்றைப்படைத் தாளமா, கவுண்டர்பாயிண்ட்டா, அதாவது தனித்தனி மெட்டுகளின் பின்னலா? இரண்டும் வெவ்வேறு. அவர் காட்டிய உதாரணங்கள் முதலாவதற்குத்தான் பொருந்தும். நான்கு குரல் பின்னல் ரேடியோவில் ஓடியதற்கு அந்த வருடத்திலிருந்து ஒரு உதாரணம் தரட்டும், பார்க்கலாம்.

ஒன்றரைக்கட்டை

தெருநிழலின் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் "நான்கு குரலும் எப்போதும் ஒன்றாக ஓட வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம்" என்ற இரண்டே வழிதான் இருப்பதுபோல் பேசுகிறீர்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது. அரேஞ்ச் பண்ணுகிறவர்கள் தினமும் செய்வதுதான், எழுதுகிறேன்.

நான்கு பாகப் பின்னல் கையில் இருக்கிறது, நான்கு நிமிடப் பாட்டாக வேண்டும். முதலில் பாடும் மெட்டையும் பேஸையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே பாட்டு முழுக்க ஓடும், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி எழுதினால் பாதிப் பின்னல் அங்கேயே வந்துவிடும். மூன்றாம் பாகத்தைக் குரல் ஓயும் இடத்தில் மட்டும் விடுங்கள். நாலு பார் (தாளச் சுற்று) நீளமுள்ள வரியில் குரல் இரண்டரைப் பார் பாடினால் மிச்சம் ஒன்றரைப் பார் அதற்கு. குரல் மேல் ஏறாது, ஆகையால் டேப்தூசி சொன்ன 1–4 கிலோஹெர்ட்ஸ் நெரிசல் வராது. நான்காம் பாகம், அதாவது பின்னால் நுழையும் ஃப்யூக் குரல், கடைசி கோரஸுக்கு முன் வாயே திறக்கக் கூடாது. மூன்று முறை கோரஸைக் கேட்ட காதுக்கு மெட்டு மனப்பாடமாகியிருக்கும். அப்போது அதே மெட்டு இரண்டடி தாமதமாக இன்னொரு குரலில் வந்தால் கார் ஸ்பீக்கரிலும் பிடிபடும்.

தாளத்தில் ஒரே ஒரு கை வைக்கலாம். நாலு பாரில் கடைசிப் பாரை மூன்றடியாக வெட்டுங்கள்: தகதிமி, தகதிமி, தகதிமி, தகிட. மொத்தம் பதினைந்து. அதைச் சரணம் முடிந்து கோரஸ் வரும் வளைவில் வையுங்கள். அடுத்த பகுதி ஒரு அடி முந்தி வந்து விழும், கேட்கிறவர் எண்ண மாட்டார், இழுப்பு மட்டும் தெரியும். அதையே கோரஸின் முதல் வரியில் வைத்தால் கூடப் பாடுகிறவர் இடறுவார், பாட்டு அங்கேயே செத்துவிடும்.

வழக்கமாகத் தவறும் இடங்கள் இரண்டு. கீபோர்டும் கிட்டாரும் ஒரே ரிஃப்பை ஒரே ஆக்டேவில் (ஸ்தாயியில்) வாசிப்பது முதலாவது. தடிமன் கூடும், செய்தி கூடாது. ஒன்றை ஒரு ஆக்டேவ் மேலே தூக்கி அரையடி தள்ளி வைத்தால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். பின்குரல்கள் எல்லாம் முதன்மைக் குரலோடு ஒரே நேரத்தில் ஒரே சொல்லை உச்சரிப்பது இரண்டாவது. அது ஹார்மனி, கவுண்டர்பாயிண்ட் ஆகாது. ஒரு குரலாவது தாமதிக்க வேண்டும்.

'சிவிலியன்'னில் நான் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டு தவறுகளும்தான். ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் கம்போசிஷன் படித்தவர் மின்னியர். மேலே சொன்னதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் வரும். தெரியாமல் விடவில்லை, வேண்டாமென்று விட்டார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னொரு உறுத்தலும் உண்டு. 'ஆக்டபஸ்'ஸைப் பதிவு செய்த இன்ஜினியர் மார்ட்டின் ரஷென்ட். அதே மனிதர்தான் 1981-இல் ஹியூமன் லீக்கின் 'டேர்' ஆல்பத்தைத் தயாரித்தவர். சின்தசைசர் பாகங்கள் ஒன்றன் இடைவெளியில் இன்னொன்று விழும்படி கோத்த பாப் அது. துண்டு துண்டாகப் பங்கிடுவது பாப்பிலும் விற்கும் என்பதற்கு அதைவிடப் பக்கத்துச் சான்று வேண்டாம்.

தெருநிழல்

சுரங்களைத் தானாக வாசிக்கும் சீக்வென்ஸர் இயந்திரத்தில் கோத்ததையும் ஐந்து பேர் கையால் வாசிப்பதையும் ஒன்றாக்காதீர்கள். 'டேர்' இயந்திரத் துல்லியத்தால் நிற்கிறது.

உங்கள் இரண்டு தவறுகளும் 'ஷேடோஸ் ஆன் தி ஸ்ட்ரீட்'டுக்குப் பொருந்துமா? மூன்றேகால் நிமிடம், மின்னியர் பாடுகிறார். 'ஆக்டபஸ்'ஸில் 'திங்க் ஆஃப் மீ வித் கைண்ட்னெஸ்' பாடிய அதே மெல்லிய குரல், அதே அடக்கம். 'இன்சைட் அவுட்' மெதுவாக, இடம் விட்டு, கீபோர்டு பரவி நிற்கிற பாட்டு. இவற்றில் சுவர் ஒன்றும் இல்லை. எட்டில் இரண்டு பாட்டு உங்கள் விவரிப்புக்கு வெளியே நிற்கிறது. அதைச் சொல்லாமல் ஆல்பம் முழுக்க ஒரே குற்றம் சாட்டுவது சரியில்லை.

டேப்தூசி

இப்படியே பேசினா முடியாது. காதால அளந்து பாருங்க. 'ஃப்ரீ ஹேண்ட்'ல இருந்து ஒரு பாட்டு, 'சிவிலியன்'ல இருந்து ஒரு பாட்டு எடுத்துக்கோங்க.

சத்தத்தை முதல்ல சமமாக்குங்க. இதை விட்டா மிச்சம் எல்லாம் வீண், ஏன்னா ஒரு டெசிபல் கூட இருக்கிறது காதுக்கு "நல்லா இருக்கு"ன்னு படும். ஸ்ட்ரீமிங்னா அதோட வால்யூம் நார்மலைசேஷனை அணைச்சிட்டு, லவுட்னஸ் மீட்டர்ல ரெண்டையும் அரை எல்யூவுக்குள்ள (சத்தத்தை அளக்கிற அலகு) கொண்டு வாங்க. எந்தப் பதிப்புன்னும் பாருங்க. 'ஃப்ரீ ஹேண்ட்'டுக்கு 2021-ல ஸ்டீவன் வில்சன் ரீமிக்ஸ் வந்திருக்கு. அதுல குரல்கள் பழைய மிக்ஸை விடத் தெளிவாப் பிரிஞ்சு இருக்கும். அதோட 1980 மிக்ஸை ஒப்பிட்டா நாப்பது வருஷத் தொழில்நுட்பத்தைத்தான் ஒப்பிடுறீங்க. 1975 மிக்ஸையே எடுங்க.

அப்புறம் மோனோவுல கேளுங்க. இடம்-வலம் உதவி இல்லாம எத்தனை பாகம் பிரிச்சுக் கேக்க முடியுதுன்னு தெரியும். ஒரு நிமிஷத்தைத் தேர்ந்தெடுத்து நாலு தடவை ஓட்டுங்க: ஒரு தடவை பேஸ் மட்டும், அடுத்தது கிட்டார், அப்புறம் கீபோர்டு, கடைசியா பின்குரல். ஒவ்வொரு பாருக்கும் அது வேற யாரோடயாவது ஒட்டிப் போகுதா, தனியாப் போகுதான்னு தாள்ல கோடு போடுங்க. ஒட்டின பார் எத்தனை, தனி பார் எத்தனை. அதுதான் நீங்க சண்டை போடுற விஷயம்.

கணினி இருந்தா அடாசிட்டிங்கிற ஒலித்திருத்த மென்பொருள்ல ஸ்டீரியோவை ரெண்டு மோனோவாப் பிரிச்சு, வலதைத் தலைகீழாக்கி ரெண்டையும் சேத்து ஓட்டுங்க. நடுவுல இருக்கிற குரலும் பேஸும் கிக் டிரம்மும் போயிடும், ஓரத்துல வெச்சது மிஞ்சும். எதிரொலி ஸ்டீரியோவா இருந்தா குரலோட நிழல் மட்டும் தங்கும், அதைப் பின்குரல்னு எண்ணிடாதீங்க. எம்பி3-ல இதைச் செய்யாதீங்க. குறைஞ்ச பிட்ரேட்ல ரெண்டு பக்கத்துக்கும் பொதுவானதைச் சேத்து அமுக்கியிருப்பாங்க, கரகரன்னுதான் வரும்.

எல்பி-ல கேக்குறவங்களுக்கு ஒண்ணு. தட்டோட வெளி ஓரத்துல ஊசிக்கு அடியில நொடிக்கு 50 சென்டிமீட்டர் பக்கம் ஓடும், உள்ளே லேபிள்கிட்ட 20 பக்கம் இறங்கிடும். உள் பள்ளத்துல மேல் அலைவரிசை மழுங்கும். ஆனா 'சிவிலியன்' ஒரு பக்கத்துக்கு 15, 17 நிமிஷம்தான். நீளப் பக்கம் மாதிரி லேபிளை ஒட்டி வெட்ட வேண்டியதில்லை. அதனால கடைசிப் பாட்டு மங்குச்சுன்னா தட்டைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஊசியைப் பாருங்க.

நாற்குரல்

பார் எண்ணும் முறை எனக்குச் சம்மதம். தலைகீழாக்கும் வேலை வேண்டாம். ஓரத்தில் என்ன இருக்கிறது என்பது மிக்ஸ் செய்தவருடைய முடிவு, எழுதியவருடையது இல்லை. ஒரே ரிஃப்பை இரண்டு முறை பதிந்து இரண்டு ஓரத்தில் வைத்தாலும் அது மிஞ்சும். அதைப் பின்னல் என்று எண்ணக் கூடாது.

அதைவிட நேரான சான்று மேடை. ராக்ஸியின் கடைசிக் கச்சேரி 'தி லாஸ்ட் ஸ்டெப்ஸ்' என்ற பெயரில் பின்னர் சிடியாக வந்தது. ஒரே இரவு, அதே ஐவர், பழைய பாட்டும் 'சிவிலியன்' பாட்டும் அடுத்தடுத்து. சவுண்ட் சிட்டியும் இல்லை, எமரிக்கும் இல்லை, லிமிட்டர் கவலையும் இல்லை. ஒலி மோட்டாவாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அதிலும் புதிய பாட்டுகளில் பாகங்கள் ஒன்றாக ஒட்டியே நடக்கின்றன என்றால் அது எழுத்திலேயே அப்படி. ஷுல்மன் சகோதரர்கள், மின்னியர், கிரீன், வெதர்ஸ் எல்லோருக்கும் அந்த இரவிலும் பின்னி வாசிக்க முடிந்தது, பழைய பாட்டுகளே சாட்சி.

'ஷேடோஸ்', 'இன்சைட் அவுட்' இரண்டையும் என் குற்றச்சாட்டிலிருந்து விலக்கிவைக்கத் தடையில்லை. மீதி ஆறு நிற்கிறது.

தெருநிழல்

அதே கச்சேரியை நான் எதிர்த் திசையில் கேட்கிறேன். 'சிவிலியன்' பாட்டுகளை அங்கே அவர்கள் வேண்டாவெறுப்பாக வாசிக்கவில்லை. வேகம், அழுத்தம், டெரெக்கின் தொண்டை எல்லாமே முழு மூச்சில் இருக்கின்றன. கம்பெனிக்காகத் தயாரித்த சரக்காக மட்டும் இருந்தால் கடைசி இரவில் அதை வாசிக்க வேண்டிய கட்டாயம் என்ன?

பின்னட்டை

பின்னாளையும் பாருங்கள். டெரெக் ஷுல்மன் பாலிகிராமில் சேர்ந்து பான் ஜோவியை ஒப்பந்தம் செய்தவர். பிறகு ஆட்கோ கம்பெனியின் தலைவர். அங்கிருந்து 1992-இல் வந்ததுதான் ட்ரீம் தியேட்டரின் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்'. அதன் முதல் பாட்டு 'புல் மீ அண்டர்' எட்டு நிமிடம், அமெரிக்க ராக் ரேடியோவில் ஓடியது. ரே ஷுல்மன் தயாரிப்பாளராகி சுகர்கியூப்ஸின் முதல் ஆல்பத்திலும் தி சண்டேஸின் முதல் ஆல்பத்திலும் வேலை செய்தார். பாப்பின் கட்டமைப்பு இருவருக்கும் கைவந்தது, 'சிவிலியன்'னுக்குப் பிறகு. அந்த ஆல்பத்தை எடுக்கும்போது அவர்கள் இசைக்குழுவுக்கு உள்ளே இருந்துகொண்டு வெளியாள் காதால் கேட்க முயன்றார்கள். தயாரிப்புப் பொறுப்பையும் குழுவே வைத்துக்கொண்டது. வெளியிலிருந்து ஒரு தயாரிப்பாளர் வந்து "இந்த ரிஃப்பில் கீபோர்டு வேண்டாம், அந்த வளைவில் ஒரு குரலைத் தாமதி" என்று சொல்லியிருந்தால் ஒன்றரைக்கட்டையின் வழி நடந்திருக்கும்.

புதுக்காது

முழுத் தொடரையும் படித்தேன். இந்தக் குழுவை இதுவரை கேட்டதில்லை. எந்த வரிசையில் கேட்டால் நீங்கள் சொல்லும் வித்தியாசம் பிடிபடும்?

ஒன்றரைக்கட்டை

'ஃப்ரீ ஹேண்ட்'டின் முதல் பாட்டு 'ஜஸ்ட் த சேம்'. விரல் சொடக்கில் தொடங்கும். அந்தச் சொடக்கைக் கையில் பிடித்துக்கொண்டே இருங்கள், வாத்தியங்கள் நுழையும்போது தாளம் எங்கே போகிறது என்று பாருங்கள். அடுத்து 'ஆன் ரிஃப்ளெக்‌ஷன்', குறைந்தது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குரலைத் தொடர்ந்து. பிறகு 'தி மிஸ்ஸிங் பீஸ்' முழுக்க. கடைசியாக 'சிவிலியன்'.

தெருநிழல்

அந்த வரிசையில் போனால் 'சிவிலியன்'னை இழப்பாக மட்டுமே கேட்பீர்கள். முதலில் 'சிவிலியன்'னைக் கேளுங்கள், வேறு எதுவும் தெரியாமல், இரண்டு பக்கமும் ஒரே மூச்சில். சிடி மறுபதிப்பாக இருந்தால் கூடுதலாகச் சேர்த்த 'ஹீரோஸ் நோ மோர்' வருவதற்கு முன் நிறுத்திவிடுங்கள், ஆல்பம் 'இட்ஸ் நாட் இமாஜினேஷன்'னோடு முடிகிறது. 'ஃப்ரீ ஹேண்ட்' அதற்குப் பிறகு. கோடு போட்டு எண்ணும் வேலை அதற்கும் பிறகு.

நாற்குரல்

எந்த வரிசையானாலும் சரி, 'நம்பர் ஒன்' வரும்போது கீபோர்டை மட்டும் தொடர்ந்து கேட்டு, எத்தனை பார் கிட்டாரைவிட்டு விலகியது என்று இங்கே எழுதுங்கள்.